பலகையில் விழுந்த இரட்டைக் கோடு

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையை நான் அறிந்திருக்கும் விதத்தில் வேறு எவரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஓட்டுநர்களுக்குத் தெரிந்தவை பள்ளங்களும் வேகத்தடைகளும். எனக்குத் தெரிந்தவை கழிப்பறைகள். ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம், காவலாளியின் அறையை ஒட்டி ஒன்று உண்டு. முகூர்த்த நாட்களில் அதை நம்பக்கூடாது. ஒரு பெட்ரோல் பங்கில் ஒன்று உண்டு. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே இருப்பவர் எதையாவது பாடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது மாகறலில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள பஞ்சர் கடை வீட்டினுடையது. மூன்றிலும் அதுவே சிறந்தது.

அந்தக் கடையை நடத்துபவர் என் வயதுள்ள ஒரு பெண்மணி. முதல்முறை நான் பாதி வழியில் பேருந்தைவிட்டு இறங்கி, என்ன கேட்பதென்று தெரியாமல் அவர் முன்னே நின்றபோது, லாரி டயருக்குள் கம்பியை நுழைத்து நெம்பிக்கொண்டிருந்தவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். அவ்வளவுதான்.

"அந்தப் பெரிய டயருக்குப் பின்னால ஆணியில சாவி மாட்டிக்கீது. போ மொதல்ல. பேச்செல்லாம் அப்புறம்."

பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தச் சாவி அதே ஆணியில்தான் இருக்கிறது. நான் காஞ்சிபுரத்துக்கு அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பெருங்குடல் அழற்சி என்பது என் நோயின் பெயர். குடலின் உட்புறத் தோல் காரணமின்றிப் புண்ணாகும், இரத்தம் போகும், சில மாதங்கள் அடங்கியிருந்து, விருந்தினரைப் போல அல்லாமல் வீட்டுக்காரரைப் போலத் திரும்பி வரும். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்கள் உடம்பின் மீதே பாய்வதால் வருவது என்று மாணவர்களுக்குச் சொல்லத் தெரிந்த எனக்கு, என் வயிற்றைப் பற்றி ஒரு மருத்துவரிடம் சொல்ல நான்கு ஆண்டுகள் ஆயின. வெட்கம்தான். அந்த நான்கு ஆண்டுகளில் மாதுளைத் தோலையும் மோரையும் நம்பி நான் இளைத்ததைப் பார்த்து, சக ஆசிரியைகள் எந்தக் கஞ்சியால் மெலிந்தேன் என்று விசாரித்துப் போனார்கள்.

பிறகு சென்னையில் ஒரு நல்ல மருத்துவர் அமைந்தார். மாத்திரைகள் வேலை செய்தன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நானும் என் கணவரும் போய்வருவோம். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். எதையும் செரிக்கும் வயிற்றைக் கல் என்று சொல்வது வழக்கம். அவருடையதைச் சொல்லக் கல் போதாது. முந்தாநாள் மீன்குழம்பும், பேருந்து நிலையத்துப் பரோட்டாவும், உப்பு மிளகாய் தடவிய மாங்காயும் ஒரே மாலையில் உள்ளே போய் ஒரு சத்தமும் இல்லாமல் அடங்கிவிடும். நான் இட்லியை மூன்றாவது முறை மென்றுகொண்டிருக்கும்போது அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னா டீச்சரம்மா, இன்னும் நாஷ்டா முடியலியா?" என்பார்.

சென்ற ஆண்டு கோடையில், அந்த மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் எங்களிடம் வந்தாள். எங்கள் மகளின் வயதுதான் இருக்கும். உடம்பில் ரோந்து சுற்றும் ஒரு வகை வெள்ளணுக்களைப் பற்றியது அவளுடைய ஆய்வு. இயற்கைக் கொல்லி செல்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அவற்றின் மேற்பரப்பில் ஏற்பிகள் உண்டு; வழியில் எதிர்ப்படும் ஒவ்வொரு அணுவையும் அவை தடவிப் பார்க்கும். சில ஏற்பிகள் 'அடி' என்று தூண்டும். சில, 'நம் ஆள்தான், விடு' என்று தடுக்கும். இந்த ஏற்பிகளைச் செய்யும் மரபணுக்கள் எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை என்பதுதான் வியப்பு. ஒருவருக்குத் தூண்டுபவை அதிகம், இன்னொருவருக்குத் தடுப்பவை அதிகம். குடல் அழற்சி உள்ளவர்களிடம் இந்தக் கூட்டு வேறுவிதமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள்.

என் கணவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க எல்.சி. மாதிரி சொல்றம்மா நீ."

"எல்.சி.ன்னா என்ன சார்?"

"லைன் கிளியர். நான் கம்பம் ஏறணும்னா, லைனை ஆஃப் பண்ணிட்டோம்னு சப்ஸ்டேஷன்ல எழுதி வாங்கணும். நான் எறங்கி வந்து அதைத் திருப்பிக் குடுக்கற வரைக்கும் எவனும் சுவிட்சுல கை வெக்கக் கூடாது. போடுறதுக்கு ஆயிரம் பேர் ரெடியா கீறான். புடிச்சுக்கினு நிக்கிற ஒருத்தன்தான் முக்கியம். அவன் அசந்தா நான் காலி."

அவள் கண்கள் விரிந்தன. இதை என் ஆய்வறிக்கையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் பெருந்தன்மையோடு அனுமதி வழங்கினார்.

அவளுக்கு நோயாளியின் இரத்தம் ஒரு குப்பியும், ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஊரில் அதே உணவை உண்டு வாழும், நோயாளிக்கு இரத்த உறவில்லாத ஆரோக்கியமான ஒருவரின் இரத்தம் ஒரு குப்பியும் வேண்டும். பெரும்பாலும் நோயாளியின் கணவரோ மனைவியோதான் கொடுப்பார்களாம். அப்படிப்பட்டவரை 'கன்ட்ரோல்' என்பார்களாம். படிவத்தை என்னிடமே தந்தாள். உறவு: கணவர். இரத்த சம்பந்தம்: உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் யோசிக்கவே இல்லை. 'இல்லை' என்பதில் ஓர் அழகான டிக் போட்டேன்.

திரும்பும் வழியெல்லாம் அவர் பஞ்சு ஒட்டிய முழங்கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்த வூட்ல நான்தான் கன்ட்ரோலாம். ஆஸ்பத்திரியிலயே எழுதி வாங்கிக்கினாங்க, பாத்த இல்ல?" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆடி பிறந்தபோது வீட்டில் வேறொன்று தொடங்கியிருந்தது. எங்கள் மகள் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. எனக்கு முந்தைய பேருந்தில் போய், எனக்குப் பிந்தையதில் வருவாள். அவள் சாதத்தை ஓரமாக ஒதுக்குவதை முதலில் கவனித்தேன். பிறகு கழிப்பறைத் தாழ்ப்பாளின் சத்தம். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. கதவின் ரகசியம் எதையும் அது காப்பதில்லை. காலை ஆறு மணிக்குள் நான்கு முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொன்று. பன்னிரண்டு ஆண்டுகளாக என் வயிற்றோடு வாழ்பவளுக்கு அதன் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வயிறு சரியில்லையா?"

"கேன்டீன் சாப்பாடுமா. எல்லாருக்கும்தான்."

"ரத்தம் ஏதாவது..."

"மா. ஆரம்பிக்காத."

நான் ஆரம்பிக்கவில்லை. ஆனால் சமையலறையில் நின்றபடி தாழ்ப்பாளை எண்ணுவதை நிறுத்த என்னால் இயலவில்லை. என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்க வேண்டாம் என்று, வேண்டுதல் செய்யும் வழக்கமில்லாத நான் பருப்பைக் கடைந்துகொண்டே வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு ஆறுதல் வைத்திருந்தேன்: அவள் உடம்பில் பாதி என்னுடையதானாலும், மறு பாதி பரோட்டாவுக்கும் அஞ்சாத அந்த மனிதருடையது. பிடித்து நிறுத்தும் கைகளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஆறுதல் ஒரு புதன்கிழமை இரண்டாம் பாடவேளையில் முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்கு, குடும்ப உறவுகளைக் குறிகளால் காட்டும் மரபுக்கால்வழித் தொடர் வரைபடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு நடுவே ஒரு கோடு. "நெருங்கிய இரத்த உறவுக்குள் திருமணம் நடந்தால் இரட்டைக் கோடு போட வேண்டும். உதாரணமாக, தாய்மாமனை மணந்தால்..." என்று சொல்லிக்கொண்டே பலகையில் இரண்டு கோடுகளை இழுத்தேன். சுண்ணக்கட்டி நின்றது.

என் கணவர் என் தாயின் கடைசித் தம்பி.

பிறந்த அன்றே நிச்சயமானது போல எல்லாரும் பேசி, எனக்கு ஆறு வயது மூத்த மாமனுக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது செய்தியே அல்ல; முறை. இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் சண்டையிட்டுச் சமாதானமாகி, மாமன் என்பவர் முழுவதும் கணவராக மாறிவிட்டிருந்தார். அழைப்பதில் மட்டும் இன்னும் மாமாதான். ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்களுக்கு இரட்டைக் கோட்டை வரைந்து காட்டி, பொதுத்தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் போட்டவள் நான். என் வீட்டுக்கு மட்டும் ஒற்றைக் கோட்டை இழுத்துக் கையெழுத்திட்டு வந்திருந்தேன். அவர் உடம்பிலும் ஓடுவது என் தாய்வழி இரத்தம்; மகளின் மறு பாதியும் எனக்கு முழுக்க அந்நியமானதல்ல.

"மிஸ், என்னாச்சு?" என்றாள் முதல் வரிசைப் பெண்.

"ஒன்றுமில்லை. படத்தை எழுதிக்கொள்ளுங்கள்."

அன்று மாலை தேநீரோடு விஷயத்தைச் சொன்னேன். என் கணவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு திடீரென்று கவலைப்பட்டார்.

"அப்போ நான் கன்ட்ரோல் இல்லியா?"

"இல்லை மாமா."

"பேஜாராப் போச்சே. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

மகள்தான் விடவில்லை. அவளுக்கு அன்று உற்சாகம் கூடுதலாக இருந்தது. உடம்பு முடியாதவர்கள் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் அதை எப்படிப் பற்றிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். "ஏம்மா, இந்த ஊர்லயா பொறந்த நீ? கோயில் கல்வெட்டைப் பார்க்க எங்கிருந்தோ பஸ் புடிச்சு வர்றாங்க. கணக்குக் காட்டாதவன் குடவோலைத் தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னு சொன்னவங்க, அவன் சொந்தக்காரனும் நிக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு உறவா வெட்டி வெச்சிருக்காங்க. அதுல அம்மாகூடப் பொறந்த மாமனும் இருக்கான். ஆயிரம் வருஷம் முன்னாடி கல்லுல இருக்கு. நீ என்னடான்னா பேப்பர்ல இல்லன்னு டிக் அடிச்சிட்டு வர்ற. நீ ஜுவாலஜி டீச்சர்!"

"போதும்."

"பொய்க் கையெழுத்துமா அது. கேஸ் போட்டா நைனாவும் உள்ள, நீயும் உள்ள."

"நான் இன்னா பண்ணேன்?" என்றார் அவர். "ரத்தம்தான் குடுத்தேன்."

சிரித்துக்கொண்டே எழுந்தவள் நேராகக் கழிப்பறைக்குப் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. எண்ணுபவள் நான் ஒருத்தியல்ல என்று அப்போதுதான் தெரிந்தது.

"இன்னிக்கு ஏழாவது," என்றார் மெதுவாக.

மறுநாள் ஆராய்ச்சிப் பெண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். அவள் கோபிப்பாள் என்று அஞ்சினேன். நெற்றியில் அடித்துக்கொள்ளும் ஓசைதான் தெளிவாகக் கேட்டது. "அய்யோ மேடம், நீங்க மாமா மாமான்னுதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. எங்க வீட்ல அம்மாவும் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாங்க, அதனால எனக்குத் தோணவே இல்ல. ஃபார்ம்ல 'கணவருக்கும் உங்களுக்கும் கல்யாணத்துக்கு முன்னாடி என்ன உறவு'ன்னு ஒரு கேள்வி சேர்க்கணும்." அவருடைய குப்பியை ஒப்பீட்டு வரிசையிலிருந்து எடுத்து உறவினர் வரிசையில் வைக்க வேண்டும், அதற்குப் புதிய படிவம் வேண்டும் என்றாள். பிறகு, "உங்க பொண்ணும் வருவாங்களா? ஆரோக்கியமா இருக்கிற உறவுக்காரங்க எவ்வளவு பேர் கிடைச்சாலும் நல்லது," என்றாள்.

மகளிடம் சொன்னேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். வருகிறேன் என்றாள், மறுத்தால் தன்மேல் சந்தேகம் வரும் என்று அவள் கணக்கிட்டிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மூவரும் புறப்பட்டோம். போகும் வழியில் அவள் எங்கும் இறங்கவில்லை. முந்தைய நாள் முழுவதும் அவள் தண்ணீர்கூடக் குடிக்காததை நான் பார்த்திருந்தேன். அந்த உபாயமும் என்னுடையதுதான்; நான்கு ஆண்டுகள் அதைக் கையாண்டிருக்கிறேன்.

ஆராய்ச்சிப் பெண் ஆளுக்கொரு படிவம் கொடுத்தாள். அவர் தம்முடையதில் 'உண்டு' என்ற கட்டத்தில் பேனா முனை பதியும்படி டிக் போட்டு, பெருமையோடு என்னிடம் காட்டினார். நான் அந்தப் பெண்ணிடம், பல நாட்களாக என்னுள் இருந்த கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டேன்: மகளின் இரத்தத்தைப் பார்த்து அவளுக்கு வருமா வராதா என்று சொல்ல முடியுமா?

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "முடியாது மேடம். அப்படிச் சொன்னா அது ஜோசியம். இந்த மரபணுக்கள் கொஞ்சம் சாய்க்கும், அவ்வளவுதான். ஓர் இடத்து மக்கள்கிட்ட சாய்க்கிற மாதிரி தெரியும், இன்னோர் இடத்துல தெரியாது. தடுக்கிற ஏற்பி ஒரு குரோமோசோம்ல வருது. அது அடையாளம் பார்க்கிற புரதம் வேற குரோமோசோம்ல வருது. ரெண்டும் சேர்ந்து வந்தாத்தான் பிரயோஜனம். இது போக குடல்ல இருக்கிற கிருமிகள், சாப்பாடு, இன்னும் எத்தனையோ மரபணுக்கள்."

"எல்.சி. புக்கு கீது, கையெழுத்துப் போடுறவன் லீவு," என்றார் என் கணவர்.

"அதேதான் சார்."

"நாங்கள் உறவில் மணந்துகொண்டதால்...?" என்று நான் இழுத்தேன்.

"உறவுக்குள்ள கட்டிக்கிட்ட எத்தனையோ வீட்ல இந்த நோய் இல்ல. இங்க வர்றவங்கள்ல நிறைய பேரோட அப்பா அம்மா சொந்தமே இல்ல. உங்க மேல தீர்ப்பெழுத என்கிட்ட எதுவும் இல்ல மேடம்."

இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கையில் மகள் பக்கத்து மேசையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர், வயது, ஊர், உணவு என்று விரைந்து போன பேனா ஓரிடத்தில் நின்றது. எட்டிப் பார்க்காமலே எந்த இடம் என்று எனக்குத் தெரியும். கடந்த மூன்று மாதங்களில் தொடர் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம்: உண்டு, இல்லை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அதில் ஒரு மலை இருந்தது. அந்த மலையை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

"மா," என்றாள்.

"சொல்லு."

"உன்னை அவ்ளோ கிண்டல் பண்ணிட்டு, இதுல நான் பொய் டிக் அடிச்சா நல்லா இருக்காதில்ல?"

"இருக்காது."

அவள் 'உண்டு' என்பதில் டிக் போட்டாள். ஆராய்ச்சிப் பெண் அதைப் படித்துவிட்டு, படிவத்தை மடித்துத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். "இதுக்கு இப்போ ரத்தம் வேண்டாம். மருத்துவரைப் பார்த்துட்டு வாங்க, நானே கூட வர்றேன்," என்று எழுந்தாள். என் கணவர் மகளின் கைப்பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார். பூப்போட்ட பை, தாழ்வாரம் முழுவதும் அதோடுதான் நடந்தார்.

அடுத்த வாரம், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி. அதற்கு முந்தைய இரவு, குடலைக் கழுவக் குடிக்க வேண்டிய உப்புநீரை ஒவ்வொரு குவளையாக நான் நீட்ட, அவள் முகத்தைச் சுளித்து, "இதை நீ எத்தனை தடவை குடிச்ச?" என்றாள். ஐந்து முறை என்றேன். "ஒரு வார்த்தை சொன்னதில்லையே" என்றாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்பது உண்மையாகாது. நானும் யாரும் கேட்காதபடிதான் பார்த்துக்கொண்டேன். அதைச் சொல்லாமல் அடுத்த குவளையை நீட்டினேன்.

நோய் இருந்தது. என்னுடையதேதான், ஆனால் குடலின் கடைசி ஒரு சாண் அளவுக்குள். "நல்ல வேளை, சீக்கிரம் வந்தீங்க. மாத்திரையிலேயே அடங்கிடும்னு நினைக்கிறேன்," என்றார் மருத்துவர். எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்த இடத்துக்கு அவள் மூன்று மாதங்களுக்குள் வந்துசேர்ந்திருந்தாள். நான் அழுவேன் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள் போலும். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்துகொண்டார்கள். எனக்கு வந்தது அழுகையல்ல, பசி. அதைச் சொன்னபோது மூவருக்கும் இருந்தது தெரிந்தது. மருத்துவமனை வாசலில் இட்லி சாப்பிட்டோம். அவர் மட்டும் பரோட்டா.

காஞ்சிபுரத்தில் மாறி, உத்திரமேரூர்ப் பேருந்தில் ஏறினோம். வெயில் தாழ்ந்து வயல்கள் மேல் மஞ்சளாகக் கிடந்தது. மகள் சன்னல் ஓரம். மாகறல் நெருங்கும்போது அவள் முதுகு நிமிர்ந்ததை உணர்ந்தேன். கைகள் முன்இருக்கைக் கம்பியை இறுகப் பற்றின. நான் சட்டென்று எழுந்து நடத்துநருக்குக் குரல் கொடுத்தேன்.

"இன்னா டீச்சர், வழக்கமா?" என்று அவர் விசிலை ஊதினார்.

இறங்கினோம். பேருந்து எங்களை விட்டுப் போனது. அடுத்தது அரை மணி நேரத்தில். நான் முன்னே நடக்கப் போனேன். மகள் என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ வராத. சாவி எங்க இருக்கும், அதை மட்டும் சொல்லு."

"பெரிய டயருக்குப் பின்னால். ஆணியில்."

சாலையைக் கடந்து ஓடினாள். பஞ்சர் கடைப் பெண்மணி கம்பியை ஊன்றியபடி அவள் போவதையும், இந்தப் பக்கம் நிற்கும் என்னையும் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் என்னிடம் என்ன நோய் என்று கேட்டதே இல்லை. இப்போதும் கேட்கவில்லை.

"இன்னா டீச்சர், பொண்ணுக்குமா?" என்று மட்டும் சாலையைத் தாண்டிக் கூவினார்.

"ஆமாம்," என்றேன். நான் அதை வாய்விட்டு முதலில் சொன்னது அவரிடம்தான்.

"வரட்டும் வரட்டும். தண்ணி நெறைய கீது."

இதற்குள் என் கணவர் பக்கத்துத் தள்ளுவண்டியில் பஜ்ஜி வாங்கி, எண்ணெய் ஊறிய தாளில் ஏந்திக்கொண்டு வந்திருந்தார். ஒன்று முடிந்து இரண்டாவது அவர் வாயில் இருந்தது. மகள் ஈரக் கைகளைத் துப்பட்டாவில் துடைத்தபடி, நடையில் அவசரமின்றித் திரும்பி வந்தாள்.

"பெஸ்ட்மா. எங்க ஆபீஸ்லகூட இவ்ளோ சுத்தம் கெடையாது. மத்ததெல்லாம் எங்கெங்க இருக்குன்னு வூட்டுக்குப் போனதும் எழுதிக் குடு."

பேசிக்கொண்டே தந்தையின் கையிலிருந்த தாளை நோக்கிக் கை நீட்டினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

"மிளகாய் பஜ்ஜி வேண்டாம்," என்றேன். "வாழைக்காயில் பாதி எடுத்துக்கொள்."